குடும்பத் தெரபி படிக்கப் போகிறவருக்கு எந்த ஆதரவு கைகொடுக்கும்?

கோவையில் மூன்று ஆண்டுகள் பள்ளி ஆலோசகராக இருந்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் திருமணம் மற்றும் குடும்பத் தெரபி முதுகலைப் படிப்புக்கு அவருக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று கலிஃபோர்னியாவில், இன்னொன்று மத்திய மேற்குப் பகுதியில். இரண்டு பல்கலைக்கழகங்களுமே 'மாணவர் ஆதரவு' என்று நீண்ட பட்டியல் கொடுத்திருக்கின்றன: எழுத்துப் பயிற்சி மையம், நூலகம், மனநல ஆலோசனை மையம், அவசர நிதி, வெளிநாட்டு மாணவர் அலுவலகம், வேலைவாய்ப்பு மையம். இதில் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பது அவர் கேள்வி.

நான் இந்தப் படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கலிஃபோர்னியாவில் பயிற்சி மாணவர்களுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தங்கை: நீங்கள் எழுதிய பட்டியலில் பாதி எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. எம்.பி.ஏ. மாணவருக்கும் அதுதான், பொறியியல் மாணவருக்கும் அதுதான். எழுத்து மையம் நல்லது, போய்ப் பயன்படுத்துங்கள். ஆனால் அதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தப் படிப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே உண்மையான ஒரு குடும்பம் உங்கள் முன்னால் வந்து உட்காரும். கணவன் ஒரு மூலை, மனைவி ஒரு மூலை, நடுவில் பதினான்கு வயதுப் பையன். அந்த அறையில் நீங்கள் தடுமாறும்போது யார், எங்கே, எவ்வளவு அருகில் இருப்பார்? இரண்டு இடங்களையும் இந்தக் கேள்வியை வைத்து ஒப்பிடுங்கள்.

முதலில் கிளினிக்கைப் பற்றிக் கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்குள்ளேயே சொந்தமாகக் குடும்பத் தெரபி கிளினிக் நடத்துகின்றன. வர்ஜீனியா டெக், சிரக்யூஸ், பர்டூ நார்த்வெஸ்ட், பிரிகம் யங் போன்ற இடங்களில் அப்படி உண்டு. ஊர் மக்கள் குறைந்த கட்டணத்தில் அங்கே வருவார்கள், மாணவர்கள் ஆசிரியர்களின் கண்முன்னே அவர்களைப் பார்ப்பார்கள். வேறு சில இடங்களில் சொந்தக் கிளினிக் கிடையாது. மாணவர்களை வெளியே உள்ள சமூக மனநல மையங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்புவார்கள். வெளியே போவதில் குறையில்லை, அங்கே பார்க்கும் வறுமையையும் சிக்கலையும் வளாகக் கிளினிக்கில் பார்க்க முடியாது. ஆனால் அந்த இடத்தை யார் தேடித் தருகிறார்கள் என்று கேளுங்கள். சில படிப்புகளில் ஒப்பந்தம் போட்ட மையங்கள் தயாராக இருக்கும், பிராக்டிகம், அதாவது படிப்பின் பகுதியான நேரடிப் பயிற்சிக்கான ஒருங்கிணைப்பாளர் உங்களை நேர்காணலுக்கு அனுப்பி வைப்பார். சில படிப்புகளில் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, நீங்களே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். வந்து நான்கு மாதம் ஆகியிருக்கும், கார் இருக்காது, ஊரில் எந்த மையம் எப்படி என்று தெரியாது. அந்த நிலையில் இருபது இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிளினிக் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தத் துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் ஆணையத்தின் பெயர் சி.ஓ.ஏ.எம்.எஃப்.டி.இ. நான் படித்த காலத்தில் பட்டத்துக்கு முன் 500 மணி நேரம் கிளையன்ட்களைப் பார்த்திருக்க வேண்டும், அதில் 200 மணி தம்பதியோ குடும்பமோ சேர்ந்து உட்கார்ந்த நேரமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பிறகு அதை 300, 100 என்று குறைத்துவிட்டார்கள். குறைத்த பின்னும் சிக்கல் வருவது அந்தக் குடும்ப நேரத்தில்தான். தனி ஆட்கள் வந்துவிடுவார்கள். தம்பதியில் ஒருவருக்கு வேலை நேரம் மாறும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், பனி கொட்டும், கடைசி நிமிடத்தில் ரத்தாகும். இரண்டாம் ஆண்டு முடிவில் என் மொத்த மணி நிறைந்துவிட்டது, குடும்ப மணி மட்டும் முப்பதுக்கு மேல் பாக்கி. அதற்காக இன்னொரு பருவம் பதிவு செய்து, கட்டணம் கட்டி, வகுப்பே இல்லாமல் கிளினிக்குக்கு மட்டும் போய் வந்தேன். கூடப் படித்தவர்கள் பட்டமளிப்பு அங்கி போட்டு எடுத்த படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், கிளினிக் மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். வாகனம் நிறுத்த இலவச இடம் இருக்கிறதா, காத்திருக்கும் அறையில் சின்னப் பிள்ளைகள் விளையாட ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதெல்லாம் மாணவர் ஆதரவு என்ற தலைப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் குடும்பங்கள் தொடர்ந்து வருவதும் வராமல் போவதும் இவற்றால்தான். மணிக்கணக்கை ஒவ்வொரு மாதமும் ஆசிரியர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பார்ப்பாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். என் கணக்கை இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒருவர் பார்த்திருந்தால், அந்தக் கூடுதல் பருவம் எனக்கு வந்திருக்காது.

அடுத்தது சூப்பர்விஷன். இந்தத் துறைக்கே உரிய ஒரு பழக்கம் ஒருவழிக் கண்ணாடி. நீங்கள் உள்ளே குடும்பத்தோடு பேசிக்கொண்டிருப்பீர்கள், கண்ணாடிக்குப் பின்னால் சூப்பர்வைசரும் சக மாணவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கித்தான் இதைச் செய்ய முடியும். 1960-களில் பிலடெல்ஃபியா குழந்தை வழிகாட்டு கிளினிக்கில் குடும்பத் தெரபி முன்னோடி சால்வடோர் மினுச்சின் இப்படித்தான் பயிற்சி கொடுத்தார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது இதைச் செய் என்று சொல்லும் முறை அங்கே வளர்ந்தது. 1985-இல் நார்வேயின் டிராம்சோ நகரில் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் அதைத் திருப்பிப்போட்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குழு தங்களுக்குள் பேசிக்கொள்வதை அந்தக் குடும்பமே உட்கார்ந்து கேட்கும்படி செய்தார். இன்று பல இடங்களில் கண்ணாடிக்குப் பதில் கேமரா வந்துவிட்டது. ஆனால் பார்க்கிறார்கள் என்ற உணர்வு அதேதான்.

முதல் தடவை அறைக்குள் அந்தத் தொலைபேசி அடித்தபோது என் உள்ளங்கை வியர்த்தது. என் உச்சரிப்பு புரியவில்லை போலிருக்கிறது, அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் சொன்னது இதுதான்: "அந்தப் பாட்டி இருபது நிமிடமாக வாய் திறக்கவில்லை, கவனித்தாயா?" நான் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவர் என்று அப்பாவையே பார்த்து, அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் வளர்ந்த பழக்கம் என்னை அறியாமல் என் கண்ணைத் திருப்பியிருந்தது. மூன்று பாடப்புத்தகம் படித்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது. அந்த ஒரு அழைப்பில் தெரிந்தது. பாட்டியிடம் திரும்பிக் கேட்டேன். அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பையன் ஏன் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்பதே வெளியே வந்தது.

எனவே உங்கள் இரண்டு இடங்களிலும் கேளுங்கள்: சூப்பர்வைசர் என் வேலையை நேரிலோ வீடியோவிலோ பார்ப்பாரா, அல்லது நான் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் கேட்டுக் கருத்து சொல்வாரா? நாமாகச் சொல்லும்போது நமக்குத் தெரிந்ததைத்தான் சொல்வோம். பாட்டியைக் கவனிக்காத நான், பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மாலை எட்டு மணிக்கு ஒரு கிளையன்ட், வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒரு குழந்தை தன் கையிலிருக்கும் காயத்தைக் காட்டினால்? கலிஃபோர்னியாவில் குழந்தை துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் வந்தாலே, பயிற்சி மாணவர் உட்பட, உடனே தொலைபேசியில் அரசு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்தக் கடமை உங்களுடையது, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்க முடியாது. என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு மாணவி முதல் முறை அப்படி ஒரு அழைப்பு செய்தபோது, முக்கால் மணி நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசியதெல்லாம் அவர்தான். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தேன், அவர் குரல் உடைந்தபோது அடுத்த கேள்வியைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பேசி முடித்து அழுதார், அதன் பிறகு அறிக்கையை எழுதினார். அந்த நாளில் தனியாக விடப்பட்டு, படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர்களையும் எனக்குத் தெரியும். கிளினிக் திறந்திருக்கும் எல்லா நேரத்திலும் பொறுப்பான சூப்பர்வைசர் ஒருவர் கட்டடத்திலோ தொலைபேசியிலோ இருக்கிறாரா என்று கேளுங்கள். "பொதுவாக இருப்பார்கள்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி உங்கள் சொந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்பில் ஜீனோகிராம் என்று ஒன்று வரையச் சொல்வார்கள். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம். யாருக்கு யாரோடு பேச்சில்லை, யார் குடித்தார்கள், எந்தச் சாவைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரும். தெரபிஸ்ட் தன் குடும்பத்தைப் பார்க்காமல் பிறர் குடும்பத்தைப் பார்க்க முடியாது என்ற எண்ணம் இந்தத் துறையில் ஆழமாக வேரூன்றியது. துறையின் முன்னோடிகளில் ஒருவரான மரே போவன் 1967-இல் துறை வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் கோட்பாட்டை மட்டும் பேசாமல் தன் சொந்தக் குடும்பத்தைப் பற்றியே பேசினார். டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஹாரி அப்போன்டே வகுத்த பயிற்சியில், மாணவர் தன் வாழ்வில் திரும்பத் திரும்ப வரும் வலியை அடையாளம் கண்டு, அதையே வேலையில் எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்கிறார்.

வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது லேசான காரியமில்லை. எனக்கு ஒரு சித்தி இருந்தார், அவர் எப்படி இறந்தார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்த வகுப்பில், வெள்ளைப் பலகையில் அவருக்கான வட்டத்தை வரைந்து அதன்மேல் குறுக்குக் கோடு போட்டபோது அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. அன்று இரவு தூக்கமில்லை. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு மாணவர் எங்கே போவது? ஆசிரியரிடம் தெரபி எடுக்க முடியாது. தன் மாணவருக்கோ தன்னிடம் சூப்பர்விஷனில் இருப்பவருக்கோ தெரபி கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க திருமண, குடும்பத் தெரபி சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது, அது சரியும்கூட. அடுத்து எல்லோரும் காட்டுவது வளாக ஆலோசனை மையத்தை. மாணவர்களுக்குக் கட்டணம் இருக்காது, ஆனால் பல இடங்களில் இத்தனை சந்திப்புதான் என்று வரம்பு உண்டு. பலர் கேட்க மறந்துபோகும் ஒரு விஷயமும் இருக்கிறது: உங்கள் படிப்பின் மாணவர்களே அந்த மையத்தில் பயிற்சிக்கு இருக்கலாம். நீங்கள் போய்ப் பெயர் கொடுக்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர் உங்கள் வகுப்புத் தோழியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதனால், படிப்போடு தொடர்பில்லாத, மாணவர்களைக் குறைந்த கட்டணத்தில் பார்க்கும் தெரபிஸ்ட்களின் பட்டியல் துறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல துறைகள் அதை முதல் வாரமே கையில் கொடுத்துவிடும். மாணவர் காப்பீடு அதற்கு எவ்வளவு தரும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வகுப்பில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. மதிப்பெண்ணுக்காகக் காயத்தைத் திறந்து காட்டத் தேவையில்லை. நான் கற்பிக்கும்போது, எழுதியதில் எதை வகுப்பில் பகிர்வது என்பதை மாணவரே தீர்மானிக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் இடத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். இதோடு சேர்ந்த கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யார் முன் அழுகிறீர்களோ, அவர்தான் பருவ முடிவில் உங்களை மதிப்பிடுவார். பெரும்பாலானவர்கள் நேர்மையாக நடப்பார்கள். இருந்தாலும், ஒரு மாணவர் பின்தங்கினால் என்ன செய்வார்கள், எத்தனை நாள் அவகாசம், யாரிடம் முறையிடலாம் என்பது கையேட்டில் எழுத்தாக இருக்க வேண்டும். சேருவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

ஒரு சின்ன விலகல். மாமியார், மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பதைச் சொன்னவுடன் "எல்லைகளே இல்லாத குடும்பம்" என்று முத்திரை குத்தும் ஆசிரியர்களை நீங்கள் சந்திப்பீர்கள். பதிலுக்கு உங்களிடம் ஒரு செய்தி இருக்கட்டும். 1950-களின் இறுதியிலேயே வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கிச் சிகிச்சையில் பங்கெடுத்தது. அதற்கும் முன்பே அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்தார். குடும்பத்தை விட்டுவிட்டு ஆளைக் குணப்படுத்த முடியாது என்பதை நம் ஊர் வெளியிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. இதைக் கேட்டு ஆர்வமாக மேலும் விசாரிக்கும் ஆசிரியர் ஒருவர் துறையில் இருந்தால் அவரை விடாதீர்கள்.

தமிழ் தெரிந்தவர் என்பதால் இன்னொரு பாரமும் உங்கள் தலையில் வரும். தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தால் உங்களைக் கூப்பிடுவார்கள். நல்ல வாய்ப்பு, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் சூப்பர்வைசருக்கு அந்தப் பதிவில் ஒரு சொல்கூடப் புரியாது. நீங்கள் மொழிபெயர்த்து எழுதும் நேரத்தைக் கணக்கில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். வேறொருவரின் கிளையன்டுக்கு இலவச மொழிபெயர்ப்பாளராக உட்காரச் சொன்னால், பணிவாக மறுத்துவிடலாம். நீங்கள் அங்கே படிக்கப் போயிருக்கிறீர்கள்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்ல நல்ல செய்தி குறைவு. கட்டணம் தள்ளுபடியாகும் உதவி ஆசிரியப் பணிகள் பெரும்பாலும் முனைவர் மாணவர்களுக்குப் போகின்றன. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி வரை வேலை செய்யலாம். அரசு மாணவர் கடன் உங்களுக்குக் கிடையாது. குடும்பத் தெரபி சங்கம் வழங்கிவந்த சிறுபான்மையினர் உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான் இருந்தது. பிராக்டிகம் பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. பல்கலைக்கழகத்தின் சொந்த அவசர நிதி மட்டும் சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்திருக்கும், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் குடிமக்களுக்கும் ஒரு வரி: முழுச் செலவையும் ஈடுகட்டிய கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குக் கிடையாது. வழக்கமான முதுகலைக் கடனுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் உச்சவரம்பு.

விசா விஷயத்தில் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். பட்டம் வாங்கியதும், தெரபிஸ்டாகத் தனியாகத் தொழில் செய்வதற்கான லைசென்ஸ் கிடைத்துவிடாது. கலிஃபோர்னியாவில் 3,000 மணி நேரமும், குறைந்தது 104 வாரமும் சூப்பர்விஷனின் கீழ் வேலை செய்திருக்க வேண்டும். உங்களுக்குப் படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்புப் பட்டியலில் இந்தப் படிப்பு இல்லை. முதல் பார்வைக்கு இது பொருந்தாத கணக்கு. ஆனால் கலிஃபோர்னியாவில் ஒரு வழி இருக்கிறது: படிக்கும்போதே பயிற்சி மாணவராகச் சேர்க்கும் நேரத்தில் 1,300 மணி வரை அந்த 3,000-இல் சேரும். அதில் கிளையன்ட்களைப் பார்த்ததும் சூப்பர்விஷனும் சேர்த்து 750-க்கு மேல் போகக் கூடாது. 1,300-ஐக் கழித்தால் மீதி 1,700. ஓர் ஆண்டில் வாரத்துக்கு ஏறக்குறைய 33 மணி. கணக்கில் இடமிருக்கிறது, வாழ்க்கையில் மிகக் கடினம். ஒரு மாதம் வேலை கிடைக்காமல் போனாலே சறுக்கும், ஓ.பி.டி. காலத்தில் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கவும் முடியாது. எனவே முதல் பிராக்டிகம் நாளிலிருந்து மணிக்கணக்குப் படிவங்களில் கையெழுத்து வாங்கித் தரும் துறை உங்களுக்குப் பெரிய ஆதரவு. மணிகளைப் பதிவு செய்வது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மத்திய மேற்கு மாநிலத்தின் லைசென்ஸ் வாரியம் படிப்புக்கால நேரத்தை எவ்வளவு ஏற்கிறது என்று இப்போதே பாருங்கள்.

தேதிகளும் ஒன்றோடொன்று மோதும். ஓ.பி.டி.க்குப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கலிஃபோர்னியாவில் பட்டத்துக்குப் பின் லைசென்ஸ் கிடைக்கும்வரை சூப்பர்விஷனில் வேலை செய்ய வேண்டிய அசோசியேட் பதிவுக்கு, பட்டம் வழங்கப்பட்ட 90 நாளுக்குள் விண்ணப்பித்தால்தான், பதிவு எண் வருவதற்கு முன் செய்த வேலையின் மணிகளைச் சேர்க்க வழியுண்டு. அதற்கும், அந்த இடத்தில் வேலை தொடங்கும் முன்பே கைரேகை கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. வளாகத்துக்கு வெளியே பயிற்சி என்றால் சி.பி.டி. எனும், படிப்பின் பகுதியான பயிற்சி வேலைக்கான அனுமதி தேவையா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் ஓ.பி.டி. பறிபோகும். என்னிடம் வந்த வெளிநாட்டு மாணவர்கள் சிலருக்கு அந்த அலுவலகத்தில் எல்லா விதியும் தெரிந்திருந்தது, லைசென்ஸ் விதி தெரியாது. துறையில் லைசென்ஸ் விதி தெரியும், விசா விதி தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய அனுபவம் அந்தத் துறைக்கு உண்டா? இதற்கு முன் எஃப்-1 மாணவர்கள் எத்தனை பேர் படித்தார்கள், பிறகு எங்கே போனார்கள்?

கலிஃபோர்னியாவில் உங்களை அனுமதித்த படிப்புக்கு சி.ஓ.ஏ.எம்.எஃப்.டி.இ. ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. அங்கே பல படிப்புகள் அது இல்லாமலே மாநில விதியை நிறைவு செய்து நடக்கின்றன. அந்த மாநிலத்தில் லைசென்ஸ் வாங்க அது போதும். வேறு மாநிலத்துக்குப் போக நேர்ந்தால் கூடுதல் பாடம், கூடுதல் மணி என்று இழுக்கலாம். அங்கீகாரம் பெற்ற படிப்புகள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் லைசென்ஸ் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை ஆண்டுவாரியாகப் பொதுவில் வெளியிட வேண்டும். அந்த அட்டவணையை இரண்டு இடத்துக்கும் எடுத்து அருகருகே வையுங்கள். சேர்ந்த எண்ணிக்கைக்கும் முடித்த எண்ணிக்கைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த வாரமே இரண்டு பிராக்டிகம் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் எழுதுங்கள். மாலை நேரத்தில் அவசரம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, குடும்ப மணி நிறையாதவர்களுக்கு என்ன செய்தார்கள், இரண்டாம் ஆண்டு படிக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவரோடு பேச முடியுமா என்று மூன்றே கேள்வி போதும். பதில் எத்தனை நாளில் வந்தது, யார் எழுதினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அந்தப் பதில்களோடு திரும்ப வந்து கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.